மோடத்தை யாரும் தொடக் கூடாது

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே வியாதி. திருகாணி போட்ட எதையும் மூடியிருக்க விட மாட்டோம். நான் காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கிறவள். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். சட்டென்று சூடாகிவிடுவார் என்பதால் அங்கே அவருக்குப் பெயர் ஃபியூஸ். என் தம்பி ஒரு கம்பெனியில் கடைகளுக்கான பில்லிங் புரோகிராம் எழுதுகிறவன். பெண் பார்க்கும் வரை உங்களோடு இருக்கிறேன் என்று பெட்டியோடு வந்தான். இதுவரை எந்தப் பக்கமும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதனால் என்னிடம் இருப்பது ஊரே வைத்திருக்கிற போன் இல்லை. ஓப்பன் சோர்ஸ் போன். உள்ளே ஓடுகிற புரோகிராமின் வரிகளை நாமே படித்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றி எழுதிக்கொள்ளலாம். பின்மூடியை நகத்தாலேயே கழற்றலாம். "அதுல எல்லாம் பண்ணலாம், பேசறதைத் தவிர" என்பார் கீழ்வீட்டு டீச்சர். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. கொஞ்சம் உண்மை என்பதால் இன்னும் பிடிக்காது.

அந்தச் சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் ஜன்னல் விளிம்பில், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருந்தது. சிக்னல் நன்றாக வருவது அங்கேதான். அது ஒரு தடவை டொய்ங் என்றது. ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தேன். நீங்கள் தொடர்பில் இல்லாதபோது இந்த எண்ணிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்தது என்று சிம் கம்பெனியின் செய்தி. ஒன்றில்லை, இரண்டு தடவை.

குழந்தைகள் இல்லத்தின் எண்.

நாங்கள் தத்தெடுக்க எழுதிக் கொடுத்துவிட்டு எத்தனையோ காலமாகக் காத்திருந்தோம். வீடு வந்து பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், போனார்கள், மறந்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தோம். போன வாரம்தான் அந்த இல்லத்து ஆபீசரம்மா, உங்க முறை வந்துடுச்சு, ஒரு பெண் பிள்ளை இருக்கா, இங்கிருந்து போன் வரும், எடுங்க என்றார். போனை எடுப்பது ஒன்றுதான் எங்களுக்கு அவர் கொடுத்த வேலை.

"ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் குளித்துக்கொண்டிருந்த தம்பி சோப்பு நுரையோடு வந்து நின்றான். நான் அவனைத் தாண்டிப் படியிறங்கி ஓடி, டீச்சரின் போனை வாங்கி இல்லத்துக்குப் போட்டேன். ஒரு கிளார்க் எடுத்தார்.

"அம்மா, நீங்க போட்டா ஆகாது. இங்கேருந்துதான் வரணும். அதுதான் இங்க முறை."

"என் போன்ல கோளாறுங்க. வேற நம்பர் தர்றேன், எழுதிக்கோங்க."

"ஏற்கெனவே குடுத்த நம்பருக்குத்தான் போடுவாங்க. மாத்த முடியாது."

"யாரு மாத்த முடியாதுன்னது?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அதை நான் சொல்லக் கூடாதும்மா. இன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள இன்னொரு தடவை வரும். அதுக்கும் எடுக்கலைன்னா அடுத்த குடும்பத்துக்குப் போயிடும். தயவுசெஞ்சு எடுங்க."

கல்நெஞ்சுக்காரன் என்று வாய்விட்டே சொன்னேன், நல்லவேளை அதற்குள் வைத்துவிட்டார். இல்லம் இருப்பது வேறு ஊரில், நேரில் போய் நிற்பதற்குள் இருட்டிவிடும்.

மேலே வந்தபோது இருவரும் சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து லேப்டாப், மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் பரப்பிவிட்டார்கள். டீச்சரும் என் பின்னாலேயே ஏறி வந்து தன் போனை நீட்டினார். "சிம்மை இதுல போடு. அவ்வளவுதானே?" நல்ல யோசனைதான். போட்டோம். இந்த சிம் செல்லாது என்றது. அந்த போனை விற்ற கம்பெனி தன் சிம்மைத் தவிர வேறெதுவும் ஏறாதபடி பூட்டு போட்டிருந்தது. பார்த்தீர்களா, காசு கொடுத்து வாங்கினாலும் அது நம் போன் இல்லை என்று தம்பி பிரசங்கம் ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் நிறுத்தினான்.

வீட்டில் இன்னும் இரண்டு போன்கள் உண்டு. ஒன்று தட்டில் பாகம் பாகமாகக் கிடந்தது, என் வீட்டுக்காரர் வேலை. இன்னொன்றை ஆன்டெனாவைக் கழற்றி வாசல் கேமராவாக மாற்றியிருந்தான் தம்பி. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால் சனிக்கிழமை மதியத்தோடு கடைத்தெரு மூடிவிடும். வருகிற அழைப்பை டீச்சர் போனுக்குத் திருப்பிவிட வீட்டுக்காரர் முயன்றார். அந்த உத்தரவு போய்ச் சேர்வதற்குள் என் போனில் சிக்னல் செத்துவிட்டது. ஆக, இருக்கிற ஒரே வழி, இதைச் சரி செய்வது.

சொன்னால் சிரிப்பீர்கள், அந்த அவசரத்திலும் எங்கள் மூவர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. அழுது என்ன ஆகப்போகிறது? வேலை இருக்கிறது, கை இருக்கிறது.

போனில் பேசுவதற்கென்று உள்ளே தனியாக ஒரு பகுதி உண்டு, மோடம் என்று பெயர். டவரோடு பேசுவது அதுதான். எங்கள் போனில் அது தனிக்குடித்தனம், அதற்கென்று தனி மூளை, தனி மின்சாரம். போனின் மற்ற பாகங்கள் நன்றாக விழித்திருக்கும்போதே அது மட்டும் மயங்கி விழலாம். திரை பளபளவென்று இருக்கும், பாட்டுக்கூடப் பாடும், ஊரில் யாராலும் நம்மைக் கூப்பிட முடியாது. இப்போது ஆகியிருந்தது அதுதான். சிக்னல் கோடுகள் நான்கும் நிமிர்ந்து நிற்கும், பிறகு மொத்தமாகக் காணாமல் போகும், சிம்மே இல்லை என்னும், மறுபடி வரும்.

"கரண்ட் பத்தலை" என்றார் அவர். உலகத்தில் எது கெட்டாலும் அவருக்குக் கரண்ட் பற்றாததுதான் காரணம்.

"மாமா, அதெல்லாம் இல்ல. சாஃப்ட்வேர்" என்றான் தம்பி. அவனுக்கு மழை பெய்யாததற்குக்கூட சாஃப்ட்வேர்தான் காரணம்.

"உன் சாஃப்ட்வேர் எதுல ஓடுது மச்சான்? காத்துலயா?"

"ரெண்டு பேரும் அப்புறமா மல்லுக்கு நில்லுங்க. முதல்ல பாருங்க" என்றேன்.

அவர் மீட்டரின் முனைகளைப் பேட்டரியின் காலில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மோடம் விழுகிற நேரத்தில் மின்சாரம் இம்மிகூடக் குறையவில்லை. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சிம்மை எடுத்துத் துடைத்தேன், அது உட்காரும் தட்டின் ஊசிகளை என் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பளிச்சென்று இருந்தன. ஆன்டெனா ஒயரைப் பொருத்துகிற பித்தானை அழுத்திப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. தம்பி லேப்டாப்பை போனோடு இணைத்து, போன் தனக்குள் எழுதிக்கொள்ளும் நடப்புகளைத் திரையில் ஓடவிட்டான். மோடம் போனது. வந்தது. போனது. வந்தது. அதில் ஏதோ எனக்கு உறுத்தியது.

"இருடா. மறுபடி ஓட்டு."

ஓட்டினான்.

காது கருவியில் கரகரப்பு என்று வருவார்கள். ஒயர் விட்டுப் போயிருந்தால் கரகரப்பு இஷ்டத்துக்கு வரும், போகும், தலையை ஆட்டினால் வரும், சிரித்தால் வரும். ஒரே சீராக வந்தால் அது ஒயர் இல்லை, பக்கத்தில் ஓடுகிற ஏதோ மெஷின். இங்கே மோடம் விழுவது ஒரே சீராக இருந்தது, யாரோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தள்ளிவிடுகிற மாதிரி.

"இது தானா விழலை. யாரோ தள்ளிவிடறாங்க" என்றேன்.

இருவரும் திரையை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். எப்போதும் என் பேச்சுக்கு ஆளுக்கொரு மறுப்பு வைத்திருக்கிறவர்கள் ஜன்னலைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். லேப்டாப்பை என் பக்கம் இழுத்து மேலே மேலே தள்ளிப் படித்தேன். அகப்பட்டது. மோடம் ஒவ்வொரு தடவை விழுவதற்கும் முன்னால் ஒரு வரி. எச்சரிக்கை, மோடம் பதில் தரவில்லை, மின் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. டிப்போ சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரியே இருந்தது. யார் கைவரிசை என்று கேட்கவே வேண்டாம்.

"ஏங்க, இது என்ன?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது வந்து... உன் போன் அப்பப்ப தூங்கிப் போகுதேன்னு ஒரு காவல் வெச்சேன். சின்ன புரோகிராம்தான். அப்பப்ப மோடத்தைக் கூப்பிட்டுப் பாக்கும். பதில் வரலைன்னா கரண்ட்டை நிறுத்திட்டுத் திரும்பக் குடுக்கும். ரொம்ப நாளா இருக்கு. நல்லாத்தானே ஓடிச்சு?"

"மாமா!" தம்பி நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தான். குரலில் வெற்றிக்களிப்பு. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

அவன் அவ்வளவு துள்ளியிருக்க வேண்டாம். ஏனென்றால் அடுத்த வரியை நான் அதற்குள் படித்துவிட்டேன். மோடத்தைக் காணோம், எழுந்திரு ராஜா, எழுந்திரு.

"ராஜா யாருடா?" என்றேன்.

தம்பி உட்கார்ந்தான். "போன வாரம்தான்க்கா போட்டேன். முக்கியமான கால் வரப்போகுதே, மோடம் எங்கயாவது காணாமப் போனா உடனே எழுப்பட்டும்னு. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

போன வாரத்திலிருந்துதான் போனுக்கு இந்தப் பேய் பிடித்தது. எல்லாம் விளங்கிவிட்டது. வெந்நீர் போட்டுத் தருகிறேன் என்று ஆளுக்கொரு பக்கம் அடுப்பைத் திருகியிருக்கிறார்கள். மோடம் விழுந்தால் எழுந்து நிற்க அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். எழுவதற்குள் இவர் காவல் வந்து கூப்பிடும், அது பதில் சொல்லாது, கரண்ட்டை நிறுத்தும். நிறுத்தியதும் இவன் காவல் வந்து பார்க்கும், மோடத்தைக் காணோம், தட்டி எழுப்பும். எழும்போது இவர் காவல் திரும்ப வரும். பாவம், அந்த மோடம் ஒரு வாரமாகக் கண் விழிப்பதும் தலையில் குட்டு வாங்குவதுமாக இருந்திருக்கிறது. தூங்குகிற பிள்ளையை எழுப்பி, தூங்கிட்டியா என்று கேட்கிற கதை. இதில் நடுநடுவே அது ஒழுங்காக நின்றதே பெரிய காரியம்.

எனக்குக் கோபம் தலைக்கேற வேண்டியதுதான். ஏறவில்லை, சிரிப்புதான் பீறிட்டது. கண்டுபிடித்துவிட்டோம்! பழுது பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும், கோளாறு எங்கே என்று அகப்படுகிற அந்த நொடிக்கு ஈடாக ஒன்றும் கிடையாது.

"ரெண்டு காவலையும் தூக்கு. இப்பவே."

"முதல்ல மாமா தூக்கட்டும்."

"ஏன், மச்சான் தூக்கினா குறைஞ்சா போயிடுவாரு?"

"நானே தூக்கறேன்" என்று இரண்டையும் அழித்தேன். அழித்ததும் இருவரும் ஒரே குரலில் என்னைக் குற்றம் சாட்டினார்கள். பேட்டரி மிச்சமாகட்டும் என்று போனை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்படி வைத்தது நீதானே, அதனால்தானே காவலே தேவைப்பட்டது என்று. அதுவும் உண்மைதான். சார்ஜரில் செருகி, தூங்கவே கூடாது என்று மாற்றினேன்.

ஆனால் மோடம் வரவில்லை. திரையில் சிக்னலும் இல்லை, சிம்மும் இல்லை. காத்தோம். அடி வாங்கி வாங்கி மரத்துப்போய் எங்கோ சிக்கிக்கொண்டிருந்தது.

"பேட்டரியைக் கழட்டணும்" என்றார் அவர். "சுத்தமா கரண்ட் இல்லாம கொஞ்ச நேரம் கிடந்தாத்தான் தெளியும்."

"அந்த நேரத்துல போன் வந்துட்டா?" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் எதிர்வீட்டுச் சுவரில் பாதிக்கு மேல் ஏறிவிட்டிருந்தது. கழற்றாவிட்டால் போன் நிச்சயமாக வராது. கழற்றினால் வரலாம், வராமலும் போகலாம். நகத்தைக் கொடுத்து மூடியைத் திறந்தேன். சார்ஜரையும் பிடுங்கி, பேட்டரியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கோ அந்த ஊரில் ஒருவர் எண்களை அழுத்துகிறார், அழுத்துகிறார் என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

"போதும், போடு" என்றார் வீட்டுக்காரர்.

போட்டேன். போன் எழுந்தது. திரை வந்தது. சிக்னல் இடத்தில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கோடு. இரண்டு. நான்கு! டீச்சர் தன் போனிலிருந்து என் எண்ணுக்குப் போட்டார். மேஜையே அதிரும்படி மணி அடித்தது. நாங்கள் நால்வரும் கத்திய கத்தலில் எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தார்கள். தம்பி டீச்சரை அடுப்படிக்கு அனுப்பி அங்கிருந்து பேசச் சொன்னான். அவர் பேசுவது எனக்குக் கேட்டது, நான் பேசுவது அவருக்குக் கேட்டது.

"மணியா அடிக்குது!" என்றார் வீட்டுக்காரர், என்னவோ தானே மோடத்தைப் பெற்றெடுத்த மாதிரி.

"இனிமே இதை யாரும் தொடக் கூடாது" என்றேன். "தொட்டா கையை உடைப்பேன்."

எங்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தம்பி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

"அக்கா, மோடத்துக்கு ஒரு அப்டேட் வந்திருக்கு. ஒரே நிமிஷம்..."

"கொன்னுடுவேன்."

டீச்சர் டீ போட்டுக் கொண்டுவந்தார். யாரும் குடிக்கவில்லை. சிக்னல் கோடு நான்கிலிருந்து மூன்றானது, நாங்கள் மூவரும் முன்னால் சாய்ந்தோம். மறுபடி நான்கானது, பின்னால் சாய்ந்தோம். வெயில் எதிர்ச் சுவரின் உச்சிக்குப் போய்விட்டது. ஆபீஸ் மூடுகிற நேரம்தான். பேட்டரி என் கையில் இருந்தபோது அந்தக் கடைசி அழைப்பு வந்துபோயிருக்கும் என்று எனக்குள் ஒன்று சொல்ல ஆரம்பித்தது. கம்பெனிச் செய்தி ஏதும் வரவில்லை, ஆனால் சில சமயம் அது தாமதமாக வரும்.

மணி அடித்தது.

இல்லத்தின் எண். என் கை என்னவோ அவ்வளவு மெதுவாகத்தான் போயிற்று. எடுத்து, ஸ்பீக்கரை அழுத்தினேன். "ஹலோ?"

ஒன்றுமில்லை.

"ஹலோ, சொல்லுங்க. கேக்குதா?"

சத்தமே இல்லை. தம்பி லேப்டாப்பைத் திறந்துவிட்டான். அவர் தொடைக்கடியிலிருந்து கையை எடுத்து ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துவிட்டார். மைக் போய்விட்டதா, ஸ்பீக்கர் போய்விட்டதா? நான் கையை நீட்டி இருவரையும் தடுத்தேன். காது கருவி பழுது பார்க்கிறவளுக்கு, செத்த லைனுக்கும் உயிருள்ள லைனுக்கும் வித்தியாசம் தெரியாதா? அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். சின்ன மூச்சு.

பிறகு ஒரு குரல், எங்களிடம் இல்லை, வாயைத் திருப்பிக்கொண்டு அங்கே இருக்கிற யாரிடமோ சொன்னது.

"எடுத்துட்டாங்க!"

அங்கே நாற்காலி நகர்ந்தது. ஆபீசரம்மாவின் குரல் வந்தது.

"எடுத்துட்டீங்களா? அப்பாடா. இங்க ஒரு வழக்கம்ங்க. பேசத் தெரிஞ்ச பிள்ளைன்னா முதல் போனை அதுவேதான் போடணும், நாங்க போட மாட்டோம். யாரு வீட்டுக்குப் போறோம்னு அதுவா கூப்பிட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு. முன்கூட்டி வீட்டுக்காரங்ககிட்ட சொல்றதில்ல. ஒரு வாரமா உங்க நம்பரைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணியிருக்கா. உங்க சேதி வந்ததும் நீங்க பேசின நம்பரைச் சொல்லிப் பாத்தேன், கேக்கவே மாட்டேன்னுட்டா. அடிச்சு அடிச்சு எடுக்காமப் போனா பிள்ளை மனசு என்ன ஆகும், சொல்லுங்க? அதனாலதான் இன்னிக்கோட நிறுத்திடலாம்னு இருந்தேன். இருங்க, அவளே பேசட்டும்."

கிளார்க்கை வைததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மறுபடி அந்தச் சின்ன மூச்சு. அவள் முதலில் என் எண்ணை, ஒவ்வொன்றாக, மூச்சு வாங்காமல், கடைசி வரை சொன்னாள். "இதுதானே உங்க நம்பர்?"

"ஆமாம்மா, இதுதான்."

"அப்ப ஏன் எடுக்கலை?"

"போன் கெட்டுப்போச்சு கண்ணு. நாங்க மூணு பேரும் சேர்ந்து நல்லா இருந்ததைக் கெடுத்து வெச்சிட்டோம்."

"இப்ப?"

"இப்ப சரி பண்ணிட்டோம்."

அவள் யோசித்தாள். "நாளைக்குப் போட்டாலும் எடுப்பீங்களா?"

"எடுப்பேன். நான் எடுக்கலைன்னா உன் மாமா எடுப்பார். மாமா எடுக்கலைன்னா அப்பா எடுப்பார்."

அந்த வார்த்தையை இந்த வீட்டில் இவரைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. என் வாயிலிருந்து வந்த பிறகுதான் நானே அதைக் கேட்டேன். அவர் ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். டிப்போவே அதிரக் கத்துகிற மனுஷன், போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஹலோ என்று சொல்ல வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

"ஹலோ? ஹலோ?" என்றது அந்தக் குரல். "கேக்குதா? மறுபடியும் கெட்டுப்போச்சா?"

நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிக் குனிந்தேன்.

"இல்லம்மா, போன் நல்லாத்தான் இருக்கு. உங்கப்பாதான் அழுதுட்டிருக்கார்."